முற்றம் வளர்த்த இரவுப்பூ

புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வெள்ளாறும் அக்னியாறும் அம்புலியாறும் மழை பெய்தால் ஓடும்; மற்ற மாதங்களில் மணல்தான். ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதை 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களிலும் குளங்களிலும் தேக்கி வைத்துத்தான் இந்த மண் பிழைத்து வந்திருக்கிறது. சித்திரை, வைகாசியில் செம்பராங்கல் தரை பகலில் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் வரை விடாது. அப்படிப்பட்ட ஊரில், ஈரம் காயாத மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளின் மரக்கிளைகளில் தொற்றி வளரும் ஒரு செடி, தாழ்வாரத்துத் தொட்டியில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்து, ஒரே இரவில் கொத்தாகப் பூக்கிறது. ஊரில் அதற்குப் பிரம்ம கமலம் என்று பெயர்.

காட்டுச் செடி வறண்ட ஊரில் எப்படித் தங்கியது? வளர்த்தவர்களின் கைராசி என்று சொல்லிவிடலாம். கை மட்டும் போதாது. அந்தச் செடிக்குப் பாதிப் பராமரிப்பைச் செய்தது புதுக்கோட்டையின் பழைய ஓட்டு வீடு. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வீட்டின் முற்றம்.

முதலில் செடியின் பிறப்புக் கதையைப் பார்த்துவிடலாம். தாவரவியலில் இதன் பெயர் எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம். கள்ளிக் குடும்பம்தான், ஆனால் பாலைவனக் கள்ளி அல்ல. நாம் இலை என்று நினைக்கும் பட்டையான பகுதி உண்மையில் தண்டு. அதன் ஓரத்துக் கணுக்களிலிருந்துதான் மொட்டு வரும். மண்ணில் வேரூன்றாமல், மரக்கிளைகளின் இடுக்கில் சேரும் மக்கிய இலையிலும் பாசியிலும் வேர்விட்டுத் தொங்கும். ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் மெக்சிகோவின் தாவரங்களை ஆராய அனுப்பிய குழு 1787 முதல் 1803 வரை காடுகளில் அலைந்தது. மார்ட்டின் செசேயும் ஹோசே மொசீன்யோவும் அதன் தலையாயவர்கள். ஓவியர்கள் வரைந்த வண்ணப்படங்களோடு ஐரோப்பா வந்த மொசீன்யோ, அரசியல் புயலில் சிக்கி பிரான்சுக்குத் தப்பி ஓடினார். மோன்பெலியேயில் தாவரவியலாளர் டி காண்டோலைச் சந்தித்து, படங்களை அவரிடம் ஒப்படைத்தார். டி காண்டோல் அவற்றை ஜெனீவாவுக்குக் கொண்டுபோனார். 1817இல், நாடு திரும்ப வழி கிடைத்த மொசீன்யோ படங்களைத் திருப்பிக் கேட்டார்.

அடுத்து நடந்தது தாவரவியல் வரலாற்றின் அழகான அத்தியாயங்களில் ஒன்று. ஜெனீவா நகரத்துப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரண்டு, பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் அதிகமான படங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். அப்படிக் கையில் நின்ற மொசீன்யோ, செசே சேகரிப்பை வைத்து டி காண்டோல் பல செடிகளுக்குப் பெயரிட்டார். 1828இல் நம் இரவுப்பூவுக்கும் அவர் வழியாகவே முதல் அறிவியல் பெயர் வந்தது. மறு ஆண்டு ஆங்கிலேயர் ஹாவொர்த் அதை இன்றைய பெயருக்கு மாற்றினார். மூலப்படங்கள் பார்சிலோனாவில் ஒரு குடும்பத்திடம் முடங்கிக் கிடந்து, 1981இல்தான் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ஹன்ட் தாவரவியல் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தன.

மெக்சிகோவுக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள செடிகொடி உறவு இதைவிடப் பழையது, சிக்கலானதும்கூட. 1780களின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்கும் ஆசையில் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. ஆனால் அமெரிக்கச் சப்பாத்திக்கள்ளி தென்னாட்டில் வேலியாகப் பரவி, வேலி தாண்டி வயலுக்குள்ளும் மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் புகுந்தது. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த இன்னொரு வகைக் கொச்சினீல் பூச்சிதான் அதைச் சில ஆண்டுகளில் தின்று தீர்த்தது. பின்னாளில் புதுக்கோட்டைக் கண்மாய்களை ஆக்கிரமித்த சீமைக் கருவேலமும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கே. அதே கண்டம் நல்லதையும் கொடுத்தது. இன்று பூக்கடையில் தொங்கும் செண்டிப்பூ மாலையும் நிலசம்பங்கி மாலையும், கோயில் வாசலில் நிற்கும் ஈழத்தலரியும் மெக்சிகோ வழி வந்தவை. சாமிக்குச் சாத்தும்போது யாரும் அவற்றை அந்நியமாக நினைப்பதில்லை. நினைக்க வேண்டியதும் இல்லை.

பிரம்ம கமலம் இந்த வரிசையில் தனி ரகம். வயலுக்குப் போகவில்லை, கண்மாய்க்குப் போகவில்லை; வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. அது சந்தைக்கும் வரவில்லை. ஆலங்குடி வட்டத்துக் கீரமங்கலம் சுற்றுவட்டாரம் மல்லிகை, முல்லை, கனகாம்பரம் விளைவித்துப் பெயர் எடுத்த பகுதி. அங்கே பொழுது விடிவதற்குள் பூப்பறிப்பு தொடங்கிவிடும். பிரம்ம கமலமோ விடியும்போது வாடித் தொங்கும். தொடுக்க முடியாது, எடை போட முடியாது, விற்க முடியாது. அதனால் அது உறவு வழியாக மட்டுமே பரவியது. இந்தச் செடிக்கு அதற்குத் தோதான ஒரு குணமும் உண்டு. ஒரு சாண் தண்டை நறுக்கி எடுத்தால், வாரக்கணக்கில் தண்ணீரும் மண்ணும் இல்லாமல் உயிர் தாங்கும். காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டால் போதும். பஸ்ஸில் வரும், ரயிலில் வரும். மகள் வீட்டுக்குப் போய்வரும் தாய், பணி மாறுதலில் ஊர் மாறும் ஆசிரியை, கிரகப்பிரவேசத்துக்கு வந்த அத்தை ஆகியோர்தான் இதன் வணிகர்கள். காசு கைமாறாத வணிகம்.

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டுக்குள் செடி என்பது தமிழ்நாட்டுக்கு மேலைநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது சரியல்ல. முற்றத்துத் துளசி மாடம் எத்தனை தலைமுறைப் பழக்கம்! செங்கல் வைத்துக் கட்டி, சுண்ணாம்பு பூசி, கோலமிட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி, மாலையில் விளக்கு வைத்த செடி அது. தோட்டத்துப் பூவுக்கு இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆவணம் உண்டு. கோயில் நந்தவனத்துக்கென்று நிலம் ஒதுக்கி, சாமிக்குச் சாத்தும் மாலையான திருப்பள்ளித்தாமத்துக்கு ஆள் வைத்ததைச் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் பேசுகின்றன. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாசனங்கள் இருக்கின்றன. சித்தன்னவாசல் குடைவரையில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் திருப்பணி செய்த 9ஆம் நூற்றாண்டில், முன்மண்டப விதானம் முழுக்கத் தாமரைக் குளத்தை வரைந்து வைத்தார்கள். வெயிலில் காயும் பாறைக்கு உள்ளே, தலைக்கு மேலே, தண்ணீரும் மீனும் பூவும், பூப்பறிக்கும் இளைஞனும். வெளியே கிடைக்காத குளிர்ச்சியை உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் மனம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

புதுக்கோட்டை நகரத்தின் இன்றைய வடிவம் விஜயரகுநாதராயத் தொண்டைமான் காலத்தில், அதாவது 1807 முதல் 1825 வரை நடந்த ஆட்சியில் உருவானது. தஞ்சாவூர் ரெசிடென்டாக இருந்த மேஜர் பிளாக்பர்னின் யோசனைப்படி, நெருக்கமாக இருந்த பழைய ஊரை எடுத்துவிட்டு, நூல் பிடித்தாற்போல நேர்த்தெருக்கள் போட்டார்கள். நான்கு ராஜ வீதிகள், அவற்றுக்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று இன்றும் முகவரி எழுதுவது அந்தத் திட்டத்தின் மிச்சம். கூரை வீடுகள் இருந்த இடத்தில் ஓட்டு வீடுகள் எழுந்தன. 1878இல் பொறுப்பேற்று 1894 வரை நிர்வாகம் செய்த திவான் சேஷையா சாஸ்திரி குளங்களைத் தூர்வாரி, ஊரின் தண்ணீரையும் சுகாதாரத்தையும் சீர்செய்தார். தெற்கே ராயவரம், அரிமளம், கோனாபட்டு, குழிபிறை, நச்சாந்துபட்டி போன்ற நகரத்தார் ஊர்களில் பர்மா, மலாயா, இலங்கை வணிகத்தில் வந்த பணம் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்ட மாளிகைகளாக நின்றது. அரண்மனைக்கார வீடானாலும் செட்டிநாட்டு வளவானாலும் சாதாரண ஓட்டு வீடானாலும், நடுவில் வானம் தெரியும் முற்றம் பொதுவாக இருந்தது.

முற்றத்தின் வேலையைக் கவனித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் உள்நோக்கி இறங்குவதால், மழைத்தண்ணீர் அத்தனையும் நடுவில் விழும். அதை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து வைப்பார்கள். கைகால் கழுவிய தண்ணீரும் பாத்திரம் அலசிய தண்ணீரும் அங்கேயே ஓடுவதால் தளக்கல் பெரும்பாலும் ஈரமாக இருக்கும். சூடான காற்று மேலே போக, இரவில் குளிர்காற்று கீழே இறங்கித் தங்கும். நேர் வெயில் உச்சிப்பொழுதில் கொஞ்ச நேரம் நடு முற்றத்தில் மட்டும் விழும். சுற்றுத் தாழ்வாரத்தில் வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை.

காட்டில் பெருமரங்களின் இலைக்கூரைக்குக் கீழே இந்தச் செடி கண்டது இதே நிழல் வெளிச்சத்தைத்தான். இதே சொட்டுத் தண்ணீரை, இதே ஈரக்காற்றைத்தான். தாழ்வாரத் தூண் ஓரம் அதற்கு மரக்கிளையாக ஆகிவிட்டது.

தண்ணீர்ப் பஞ்சத்தைத் தாங்க இன்னொரு இயல்பும் கைகொடுத்தது. கள்ளி இனங்கள் பகலில் தம் மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும். பகல் வெயிலில் ஈரத்தை இழக்காமல் இருக்க இயற்கை கொடுத்த ஏற்பாடு அது. அதனால் கோடையில் இரண்டொரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பிரம்ம கமலம் பொறுத்துக்கொள்ளும். அதிகம் ஊற்றுவதைத்தான் பொறுக்காது.

வளர்த்த பெண்கள் இதை அனுபவத்தில் கற்றிருந்தார்கள். வெறும் செம்மண்ணில் வைத்தால் அழுகும் என்று தெரிந்து, உடைந்த ஓட்டுத் துண்டு, செங்கல் சில்லு, அடுப்புக் கரி, தேங்காய் மட்டைத் துண்டு, மக்கிய இலை, காய்ந்த ஆட்டுப் புழுக்கை என்று கலந்து தொட்டியை நிரப்பினார்கள். மரக்கிளை இடுக்கில் வளரும் செடிக்கு இதைவிடப் பொருத்தமான கலவையை எந்தத் தோட்டக்கலைப் புத்தகமும் சொல்ல முடியாது. தொட்டி என்றால் கடைத் தொட்டி அல்ல. விளிம்பு உடைந்த மண்பானை, பழைய வாளி. அரிசி களைந்த தண்ணீர் அதற்குத்தான். நீண்டு சரியும் தண்டை மூங்கில் குச்சியில் கட்டி நிறுத்துவார்கள், அல்லது சன்னல் கம்பியில் சாய்ப்பார்கள். செடியை அடிக்கடி பெரிய தொட்டிக்கு மாற்றாமல் விட்டதும் நல்லதாகப் போயிற்று. வேர் கொஞ்சம் நெருக்கப்பட்டால்தான் இது மொட்டு வைக்கும். சாணமும் உரமும் அள்ளிப் போட்ட வீடுகளில் பச்சைப்பசேல் என்று தண்டு நீளும், பூ வராது. கணுக்களில் வெள்ளையாக மாவுப்பூச்சி அடைந்தால் ஈரத்துணியால் துடைத்தெடுப்பார்கள், வேப்பெண்ணெய் கலந்த தண்ணீர் தெளிப்பார்கள்.

கணுவில் சிவந்த புள்ளியாகத் தொடங்கும் மொட்டு, முதிர மூன்று நான்கு வாரம் எடுக்கும். முதலில் கீழ்நோக்கித் தொங்கி, பிறகு தூண்டில் முள்ளாக வளைந்து நிமிரும். பூக்கும் நாளன்று மாலையே மொட்டு பருத்துவிடும். பார்த்துப் பழகியவர்கள் இன்று இரவு என்று சொல்லிவிடுவார்கள். எட்டு மணிக்கு மேல் இதழ் அசையத் தொடங்கி, பத்து பதினொன்றுக்கு முழுதாக விரியும். காம்போடு சேர்த்து ஓரடி நீளம் வரும் வெள்ளைப் பூ. வீடு முழுக்க வாசம். அதன் சொந்தக் காட்டில் அந்த வாசமும் வெண்மையும் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கானவை. இங்கே அழைக்கப்படுகிறவர்கள் அக்கம்பக்கத்தார். தமிழ்நாட்டின் பல ஊர்களைப் போலவே புதுக்கோட்டையிலும், பூத்த வீட்டில் அகல் ஏற்றி, கற்பூரம் காட்டி, தெருவையே கூப்பிட்டுக் காட்டுவது வழக்கம் ஆகியிருக்கிறது. நினைத்ததை வேண்டிக்கொண்டால் நடக்கும் என்பது நம்பிக்கை. ஊர்ச் செய்தியாளர் புகைப்படம் எடுத்துப் பத்திரிகையில் போட்ட காலம் போய், இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வருகிறது.

பூவுக்குள் மகரந்தக் காம்புகள் மெத்தை போலச் சரிந்திருக்க, மேலே சூலகமுடி நட்சத்திரமாக விரிந்திருக்கும். அதில் பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்கிறார்கள் சிலர். திருமயம் குடைவரையில், இந்தியாவின் மிகப்பெரிய அனந்தசயனச் சிற்பங்களில் ஒன்றைப் பார்த்து வளர்ந்த மாவட்டத்துக் கண்கள் அவை. அப்படிப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. கிறித்தவக் குடும்பங்கள் அதே அமைப்பில் பெத்லகேம் தொழுவத்தையும் மேலே நின்ற விண்மீனையும் காண்கின்றன. கேரளத்தில் இதை நிசாகந்தி என்பார்கள். திருவனந்தபுரத்தின் புகழ்பெற்ற நடனவிழா அந்தப் பெயரில்தான் நடக்கிறது. இலங்கையில் கடுபுல் மலர் என்று சிவனொளிபாத மலையோடு சேர்த்துப் பேசுகிறார்கள். சீனர்கள் விழித்திருந்து பார்த்துவிட்டு, வாடிய பூவைச் சூப்பில் போடுவதும் உண்டு.

இரண்டு தவறான செய்திகளை மட்டும் திருத்தியாக வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும் என்பது உண்மையல்ல. நன்கு வளர்ந்த செடி ஓர் ஆண்டிலேயே பலமுறை பூக்கும். அடுத்து, கேதார்நாத்திலும் பத்ரிநாத்திலும் சாத்தும் பிரம்ம கமலம் வேறு. அது இமயத்தில் 3,000 மீட்டருக்கு மேல் குளிரில் வளரும் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, உத்தரகாண்டின் மாநில மலர். பறித்துப் பறித்தே குறைந்து வருகிறது. புதுக்கோட்டை வெயிலில் அது ஒரு வாரம்கூட நிற்காது. இணையத்தில் பிரம்ம கமல விதை என்று விற்பதை வாங்கி ஏமாற வேண்டாம். வீட்டுப் பிரம்ம கமலத்துக்கு இங்கே காய் பிடிப்பதே அபூர்வம். அது தண்டில்தான் பெருகுகிறது.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் புதுக்கோட்டை வீடுகள் மாறிவிட்டன. திருட்டுப் பயத்தில் முதலில் முற்றத்துக்கு இரும்புக் கம்பி போட்டார்கள். பிறகு தகரமோ கண்ணாடி இழைத் தகடோ போட்டு மூடினார்கள். அடுத்து வீட்டையே இடித்துக் கான்கிரீட் எழுப்பினார்கள். நகரத்தார் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வளவுகளின் தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போயின. செடிகள் மொட்டைமாடிக்கு ஏற்றப்பட்டன. அங்கே பகல் முழுக்க அடிக்கும் வெயிலில் பிரம்ம கமலத்தின் பச்சைத் தண்டு முதலில் மஞ்சளாகி, பிறகு வெந்ததுபோல் வெளுத்துக் காய்கிறது. இப்போது நர்சரிகளில் ஆந்தூரியமும் பீஸ் லில்லியும் ஆர்க்கிட்டும் வரிசையாக நிற்கின்றன. அவையும் வெப்பமண்டலக் காடுகளில் பிறந்தவைதான். அவற்றுக்கும் தேவை நிழல் வெளிச்சமும் ஈரக்காற்றும்தான். வாங்கிப்போய் வரவேற்பறை மூலையில் மின்விசிறிக்குக் கீழே வைக்கிறார்கள். இரண்டு மாதத்தில் பட்டுப்போனதும், நமக்குச் செடி ராசி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். குறை ராசியில் இல்லை. முன்பு வீடு செய்துவந்த வேலையை இப்போது யாரும் செய்வதில்லை, அவ்வளவுதான்.

அதைச் சிறிய வீட்டிலும் செய்யலாம். கிழக்கு பார்த்த சன்னலோரம், அல்லது வராந்தாவில் காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டு விலகும் இடம் போதும். சமையலறைக்கும் குளியலறைக்கும் பக்கமாக இருந்தால் காற்றில் ஈரம் கிடைக்கும். அகலத் தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் தொட்டியை வைத்தால் தளக்கல் ஈரம் செய்த வேலையில் கொஞ்சம் நடக்கும். மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். மேற்கு வெயில் வேண்டவே வேண்டாம். புது வீடு கட்டுகிறவர்கள் ஆறடிக்கு ஆறடியாவது வானம் பார்த்த இடம் விட்டுக் கட்டினால், செடிக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் புதுக்கோட்டைக் கோடை பாதியாகக் குறையும்.

உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது இந்தப் பூ பூத்ததாகக் கேள்விப்பட்டால், பார்த்துவிட்டு மட்டும் திரும்பாதீர்கள். பூ முடிந்த பிறகு ஒரு சாண் முற்றிய தண்டு கேளுங்கள். இந்தச் செடி வளர்ப்பவர்களுக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் இல்லை. வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டு வைத்து, பிறகு செங்கல் சில்லும் மக்கிய இலையும் கலந்த தொட்டியில் இரண்டு விரற்கடை ஆழம் ஊன்றுங்கள். ஆடி, ஆவணியில் வைத்தால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். இரண்டு மூன்று ஆண்டில் முதல் மொட்டு வரும்.